பாட்டு வந்துடுச்சு, பொட்டி வரல

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா பேச்சு நடை சில இடங்களில் திருத்தப்பட்டிருக்கு.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன வீட்டு வேலையைப் பத்தி. பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டையெல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்துற வேலை.

"இதுல என்னடா வரலாறு இருக்கு? செலக்ட் ஆல், காப்பி, பேஸ்ட். டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கும்"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா தமிழ்நாட்டுல பாட்டு ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு மாறுறது நேத்து ஆரம்பிச்ச விஷயமில்ல. இசைத்தட்டுல இருந்து கேசட், கேசட்ல இருந்து சிடி, சிடியில இருந்து ஹார்டு டிஸ்க், அங்கிருந்து மெமரி கார்டு, கடைசியா ஃபோன்ல ஓடுற ஆப். நூறு வருஷத்துல இத்தனை தடவை வீடு மாறியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் பாட்டு பத்திரமா வந்து சேர்ந்துடுது. பாட்டைச் சுத்தி இருந்த விவரம் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிடுது. யார் எழுதினது, யார் பாடினது, எந்த வருஷம், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, இதெல்லாம்.

அந்த விவரத்தோட வரலாறுதான் இன்னைக்கு நம்ம கதை. தர்மபுரி மாவட்டம் அரூர் வழியா அதைப் பார்க்கப் போறோம்.

பாட்டோட கடைசியில ஒரு பேர்

1902 நவம்பர், கல்கத்தா. கிராமஃபோன் கம்பெனியில இருந்து ஃபிரெட் கெய்ஸ்பர்க்னு ஒரு ஒலிப்பதிவாளர் இந்தியாவுக்கு வர்றார். அவர் பதிவு பண்ணினவங்கள்ல ரொம்பப் புகழ்பெற்றவங்க கௌஹர் ஜான். அவங்களோட பழைய இசைத்தட்டுகளைக் கேட்டா ஒரு வினோதம் இருக்கும். மூணு நிமிஷம் பாடி முடிச்சதும், கடைசியில ஆங்கிலத்துல தன் பேரைச் சத்தமா சொல்லுவாங்க.

ஏன்? அந்தக் காலத்துல இங்க பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பல் ஏறி ஜெர்மனியில ஹனோவர் நகரத்துக்குப் போகும். அங்கதான் விக்கிற இசைத்தட்டா அச்சாகும். அந்தத் தொழிற்சாலையில இருந்தவங்களுக்கு நம்ம மொழியும் தெரியாது, பாடகர்களையும் தெரியாது. எந்தத் தட்டுல எந்த லேபிள் ஒட்டணும்னு அவங்களுக்குப் புரியணுமே. அதுக்காகத்தான் அந்த அறிவிப்புன்னு சொல்றாங்க. பிறகு 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்துடுச்சு.

நாம இன்னைக்கு மெட்டாடேட்டான்னு சொல்ற விஷயம், அதாவது ஒரு தகவலைப் பத்தின தகவல், இந்திய இசையில அன்னைக்கே வந்தாச்சு. அதுவும் எங்க இருந்துச்சுன்னு பாருங்க. பாட்டுக்குள்ளேயே, பாடினவங்க குரல்லயே. பாட்டைத் தனியா, பேரைத் தனியாப் பிரிக்கவே முடியாது. நூறு வருஷத்துல அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு நமக்குக் கிடைக்கவே இல்லைன்னுதான் தோணுது.

மைக்செட் பொட்டி

இப்ப அரூருக்கு வருவோம். சேலத்துல இருந்து திருப்பத்தூர் போற வழியில இருக்கிற ஊர். ரயில் பிடிக்கணும்னா மொரப்பூர் போகணும். ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் தீர்த்தமலை. சுத்தி மரவள்ளிக் காடும் கரும்பும். இந்த மாதிரி ஊர்கள்ல இசைத்தட்டு வாங்கிக் கேக்குற வசதி எத்தனை வீட்டுல இருந்திருக்கும்? பெரும்பாலான சனங்களுக்குப் பாட்டு வந்தது ரெண்டு வழியில. ஒண்ணு ரேடியோ. இன்னொண்ணு மைக்செட்.

ரேடியோவை முதல்ல பார்ப்போம். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில சினிமா பாட்டுக்குக் கடிவாளம் விழுந்துச்சு. நேயர்கள் என்ன பண்ணினாங்க? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போயிட்டாங்க. 1957 அக்டோபர்ல விவித பாரதி தொடங்கினதுக்கு இந்தப் போட்டியும் ஒரு முக்கியக் காரணம்.

இலங்கை வானொலியோட தமிழ் அறிவிப்பாளர்கள் செஞ்ச பெரிய வேலை, பாட்டுக்கு முன்னாடி படம், பாடினவர், எழுதின கவிஞர், இசையமைப்பாளர்னு வரிசையா சொன்னது. நம்ம தாத்தா தலைமுறையில பள்ளிக்கூடம் தாண்டாதவங்களுக்குக்கூட "இது கண்ணதாசன், இது மருதகாசி"ன்னு தெரியும். அது எப்படின்னா, தினமும் காதுல விழுந்த கேட்டலாக்.

ரெண்டாவது, மைக்செட். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் பண்டிகை, எதுவா இருந்தாலும் மரத்து மேல குழாய் ஸ்பீக்கர் கட்டி, கீழ ஒரு மேசை போட்டு உக்காந்திருப்பாரே ஒருத்தர், அவர்தான் அந்த வட்டாரத்தோட மியூசிக் லைப்ரரி. அவர்கிட்ட ஒரு தகரப் பொட்டி இருக்கும். அதுக்குள்ள இசைத்தட்டுங்க.

அந்தப் பொட்டியில ஒரு ஒழுங்கு இருந்துச்சு. விடியக்காலையில போடுறது மேல, முகூர்த்தத்துக்குப் போடுறது அடுத்து, பந்தி நேரத்துக்குத் தனி. சாவு வீட்டுக்குப் போடுற பாட்டைக் கல்யாண வீட்டுல தவறிக்கூடப் போடக் கூடாது. சோகப் பாட்டா இருந்தாலும் சிலது கல்யாணத்துக்கு ஆகும், சந்தோஷ மெட்டா இருந்தாலும் வார்த்தையால சிலது ஆகாது. இது எந்த லேபிள்லயும் எழுதியிருக்காது. பொட்டியோட அடுக்குலயும் அவரோட தலைக்குள்ளயும்தான் இருந்துச்சு. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, இசைத்தட்டு டேட்டா. பொட்டிதான் டேட்டாபேஸ்.

ரெக்கார்டிங் சென்டர்

1963-ல் ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகம் பண்ணுது. இந்தியாவுல அது ஊர் ஊராப் பரவினது 70-களோட கடைசியிலயும் 80-கள்லயும். அதுவரைக்கும் இசைத்தட்டு வியாபாரம் ஏறக்குறைய ஒரே கம்பெனி கையில இருந்துச்சு. நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. கேசட் வந்ததும் அந்தப் பூட்டு உடைஞ்சது. தமிழ்நாட்டுல எக்கோ மாதிரி கம்பெனிகள் இளையராஜா பாட்டோட வளர்ந்துச்சு.

ஆனா நமக்கு முக்கியமானது கம்பெனி கேசட் இல்ல. டவுனுக்கு டவுன் முளைச்ச ரெக்கார்டிங் சென்டர்தான். உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க, கண்ணு மின்னும். காலி கேசட் வாங்கணும், 60 நிமிஷமா 90 நிமிஷமான்னு முடிவு பண்ணணும், நோட்டுப் பேப்பர்ல பிடிச்ச பாட்டை வரிசையா எழுதிக் கொடுக்கணும். ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போனா கேசட் ரெடி. 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கம் அரை மணி நேரம், சுமாரா ஆறு பாட்டு. அதனால எந்தப் பாட்டை விடுறதுன்னு யோசிச்சே அந்த லிஸ்ட்டை எழுதியிருப்பாங்க.

அந்த லிஸ்ட்தான் நம்ம ஊரோட முதல் பிளேலிஸ்ட். சாதாரண ஆளுங்க தங்களுக்குன்னு ஒரு தொகுப்பு உருவாக்கினது அப்பதான். ஆனா இந்த மாற்றத்துல ஒண்ணு உதிர்ந்துச்சு. கேசட்டுக்குள்ள வெக்கிற அட்டையில இடம் கம்மி. பாட்டோட முதல் வரி எழுதுவாங்க, மிஞ்சிப் போனா படத்தோட பேரு. பாடினவர், எழுதினவர் எல்லாம் அங்கேயே விடுபட்டாங்க.

ஒண்ணு புதுசா வந்து சேர்ந்துச்சு, அதுதான் இந்தக் கதையிலயே பெரிய விஷயம். டேப் ரெக்கார்டர்ல சிவப்புப் பட்டன் இருந்துச்சு. அதுவரைக்கும் பதிவு பண்றது கம்பெனிக்காரங்க வேலை. இப்ப யார் வேணா பதிவு பண்ணலாம். துபாய்க்குப் போன அண்ணனுக்குக் கடிதத்துக்குப் பதிலா கேசட் அனுப்பினாங்க. பாட்டியோட தாலாட்டு, திரௌபதி அம்மன் கோயில்ல விடிய விடிய நடந்த தெருக்கூத்து, கோயில் பஜனை, இதெல்லாம் கேசட்ல ஏறுச்சு. இந்தப் பதிவுகளுக்கு லேபிளும் இல்ல, கம்பெனியும் இல்ல. பல நேரத்துல உலகத்துலயே ஒரே ஒரு பிரதிதான்.

128 பைட்டுக்குள்ள தமிழ் சினிமா

அடுத்த மாற்றம்தான் நம்ம டிபார்ட்மென்ட். ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட குழு பல வருஷம் உழைச்சு உருவாக்கின முறைக்கு, 1995 ஜூலைல எம்பி3-ங்கிற கோப்பு வால் முடிவாச்சு. கணக்கு ரொம்ப எளிமை. ஆடியோ சிடியில ஒரு நொடிக்கு சுமாரா 1,411 கிலோபிட். எம்பி3-ல 128 கிலோபிட் போதும். அஞ்சு நிமிஷப் பாட்டு 50 எம்பி-ல இருந்து 5 எம்பி-க்கு வந்துடுச்சு. 700 எம்பி சிடியில 140 பாட்டு! ஒரு பொட்டி நிறைய கேசட், ஒரே தட்டுல.

ஆனா ஒரு சிக்கல். அந்தக் கோப்புல பாட்டுக்குப் பேர் எழுத இடமே கிடையாது. 1996-ல் எரிக் கெம்ப்ங்கிறவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். கோப்போட கடைசி 128 பைட்டை எடுத்துக்கிட்டு அதுல விவரத்தை எழுதிடலாம். இதுதான் ஐடி3 டேக். கௌஹர் ஜான் மாதிரியே, பாட்டோட கடைசியில பேர்!

அந்த 128-ஐ எப்படிப் பிரிச்சாங்கன்னா: அடையாளத்துக்கு 3 பைட், பாட்டுப் பேருக்கு 30, ஆர்ட்டிஸ்ட்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்க, சரியா 128 வரும்.

இப்ப இதுல நம்ம பாட்டைப் பொருத்திப் பார்ப்போம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்னு எழுதணும். ஆங்கில எழுத்துல நடுவுல இடைவெளியோட சேர்த்து 28 எழுத்து. 30-க்குள்ள அடங்கிடுது. அதையே யூனிகோடு தமிழ்ல, இன்னைக்கு எல்லாரும் பயன்படுத்துற யூடிஎஃப்-8 முறையில எழுதினா, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். மொத்தம் 82 பைட் வேணும். 30 பைட்டுல வெட்டினா "பட்டுக்கோட"ன்னு பாதியில நின்னுடும்.

அதைவிட மோசம், அவரை எழுதுறதுக்குக் கட்டமே கிடையாது. அதுல இருக்கிறது "ஆர்ட்டிஸ்ட்"னு ஒரே ஒரு கட்டம். மேல்நாட்டுல ஒரு பாட்டுக்காரர், அவரோட ஆல்பம்னு யோசிச்சு வெச்ச அமைப்பு அது. நம்ம சினிமா பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் யாரு? பாடின டி.எம்.எஸ்-ஸா, மெட்டுப் போட்ட எம்.எஸ்.வி-யா, எழுதின கண்ணதாசனா? ஊர்ல யாரைக் கேட்டாலும் "எம்ஜிஆர் பாட்டு"ன்னுதான் சொல்லுவாங்க! நாலு பேர் வேலை ஒரு கட்டத்துல. இசை வகைப் பட்டியலைப் பார்த்தா இன்னும் சிரிப்பா இருக்கும். முதல்ல வந்த 80 வகையில ஐரோப்பாவோட போல்கா நடனத்துக்கு ஒரு எண் உண்டு. கர்னாடக இசைக்கு இல்ல, நாட்டுப்புறப் பாட்டுக்கு இல்ல, கூத்துக்கும் இல்ல.

1998-ல் ஐடி3-யோட ரெண்டாவது பதிப்பு வந்து, கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தனித்தனி இடம் கொடுத்துச்சு. ஆனா அதுக்குள்ள பழக்கம் உறைஞ்சு போச்சு.

தமிழ்ல எழுதலாம்னு நெனச்சவங்களுக்கு வேற ஒரு தலைவலி. அப்ப தமிழுக்கு ஒரே குறியீட்டு முறை கிடையாது. பாமினின்னு ஒண்ணு, டிஸ்கின்னு ஒண்ணு, 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல வந்த டாப், டாம்னு ரெண்டு. ஒரு கம்ப்யூட்டர்ல பாமினி ஃபான்ட்ல பேர் எழுதி, அந்த ஃபான்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனா, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாத் தெரியும். விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்துச்சு. அது நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. அதனாலதான் நம்ம பழைய பாட்டுக் கோப்புகள்ல பெரும்பாலானது தங்கிலீஷ்ல இருக்கு. சோம்பேறித்தனம்னு நெனக்காதீங்க. மெஷின் மாறினாலும் பேர் உடையாம இருக்க அப்ப வேற வழி இல்ல.

பஸ் ஸ்டாண்டும் மெமரி கார்டும்

2000-களோட இரண்டாவது பாதி. சைனா செட்டு, நோக்கியா, மெமரி கார்டு. நம்ம வயசுக்காரங்களுக்கு இது நேரடி ஞாபகம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரீசார்ஜ் கடை. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கம்ப்யூட்டர். "அண்ணா, கார்டுல பாட்டு ஏத்தணும்." 2 ஜிபி கார்டுன்னா சுமாரா 400 பாட்டு. கடைக்காரர் கேப்பார்: "என்ன மாதிரி வேணும்? புதுப் பாட்டா, மெலடியா, ராஜாவா, குத்தா?" அவர் கம்ப்யூட்டர்ல ஃபோல்டரும் அதே பேர்லதான் இருக்கும்.

இது காப்பிரைட் திருட்டுங்கிறதை மறைக்க வேண்டியதில்ல. அந்த 400 பாட்டுல ஒரு பைசாகூட பாடினவங்களுக்கோ எழுதினவங்களுக்கோ போகல. அதே நேரம், நெட்டே இல்லாத ஒரு ஊருக்கு இணையத்துல இருந்த பாட்டு வந்து சேர்ந்த பாதையும் அதுதான். ரெண்டும் உண்மை.

இங்க விவரம் இன்னொரு சுத்து தேய்ஞ்சுது. டவுன்லோடு தளங்கள் ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல தங்களோட இணையதளப் பேரை அடிச்சு வெச்சாங்க. ஃபோன்ல பாட்டு ஓடும்போது பாடினவர் பேர் வர்ற இடத்துல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டாட் என்னவோன்னு ஓடும். எஸ்.ஜானகியும் மலேசியா வாசுதேவனும் ஒரே வெப்சைட்டா ஆயிட்டாங்க.

வீட்டுக்கு வந்த லேப்டாப்

அரூர் மாதிரி ஊர்கள்ல பல குடும்பத்துக்கு "வீட்டுக் கம்ப்யூட்டர்"ங்கிற சொல்லுக்கே அர்த்தம் வந்தது 2011-க்கு அப்புறம்தான். அந்த வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாடு அரசோட விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்குச்சு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வழியா லேப்டாப். அடுத்த சில வருஷத்துல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க.

படிக்கக் கொடுத்த லேப்டாப்தான். ஆனா வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரியே பென் டிரைவோட பாட்டு ஏறிடுச்சு. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் கையில இருந்த லைப்ரரி முதல் தடவையா வீட்டுக்குள்ள வந்துச்சு. அந்தத் திட்டத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்துச்சு, ஞாபகம் இருக்கா? விண்டோஸ்ல பாட்டு வரிசை போட்டு சேமிச்சு வெச்சிட்டு, லினக்ஸ்ல திறந்தா ஒண்ணும் ஓடாது. பாட்டு அதே ஹார்டு டிஸ்க்லதான் இருக்கு. ஆனா விண்டோஸ் அதை "டி டிரைவ்"னு கூப்பிடுது, லினக்ஸ் வேற பேர்ல கூப்பிடுது. விலாசம் மாறிடுச்சு, தபால் போய்ச் சேரல. இந்தப் பிரச்சினையை மனசுல வெச்சுக்கோங்க.

மாமாவோட டி டிரைவ்

எங்க பெரிய மாமா அரூர் பக்கத்துல பல வருஷம் மைக்செட் வெச்சிருந்தவர். தட்டு, கேசட், சிடி எல்லாத்தையும் பார்த்துட்டு, கடைசியில ஒரு டெஸ்க்டாப்புக்கு வந்திருந்தார். போன வருஷம் அது படுத்துடுச்சு. வீட்டுல புது லேப்டாப் வாங்கி, டவுன்ல ஒரு சர்வீஸ் கடையில கொடுத்து பாட்டையெல்லாம் மாத்திட்டு வந்தாங்க. கிட்டத்தட்ட 5,000 கோப்பு, ஒண்ணுகூட குறையல. ஆனா மாமா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்தார். நான் ஊருக்குப் போனப்ப சொன்னார்:

"மாப்ள, பாட்டு வந்துடுச்சுப்பா. என் பொட்டி வரல."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு டெக்னிக்கலாச் சரி. அவர் வின்ஆம்ப்ல "கல்யாணம் காலை", "பந்தி", "சாமி ஊர்வலம்"னு வரிசை போட்டு சேமிச்சு வெச்சிருந்தார். அது எம்3யூன்னு ஒரு கோப்பு. உள்ள பாட்டே இருக்காது. "டி டிரைவ்ல இந்த ஃபோல்டர்ல இந்தப் பாட்டு"ன்னு விலாசம் மட்டும் வரிவரியா இருக்கும். கடைக்காரர் பாட்டுக் கோப்பை மட்டும் தேடி எடுத்து, ஒரே ஃபோல்டர்ல கொட்டி, புது லேப்டாப்போட சி டிரைவ்ல போட்டிருந்தார். வரிசைக் கோப்புகள் பழைய டிஸ்க்லயே கிடந்துச்சு. அதை எடுத்து வந்து போட்டாலும் ஓடாது, விலாசம் பழசு. தேதியும் போச்சு. விண்டோஸ்ல ஒரு கோப்பைக் காப்பி பண்ணினா, "உருவாக்கின தேதி" காப்பி பண்ணின நாளா மாறிடும். "கடைசியா மாத்தின தேதி"தான் பழசு அப்படியே இருக்கும். மாமா உருவாக்கின தேதியை வெச்சுத்தான் எந்தப் பண்டிகைக்கு எதை வாங்கினோம்னு கண்டுபிடிப்பார். இப்ப 5,000 பாட்டும் ஒரே சாயங்காலம் பிறந்த மாதிரி நின்னுச்சு.

நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்க்கை யாரும் அழிக்கல. அதை ஒரு கேபிள் போட்டு இணைச்சு, பழைய ஃபோல்டர் அமைப்பை அப்படியே கொண்டு வந்தோம். வரிசைக் கோப்புகளை நோட்பேட்ல திறந்து, பழைய விலாசத்தைப் புது விலாசமா மாத்தினோம். அரை மணி நேர வேலை.

ஆனா அதுல ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. உள்ள "ரெக்கார்டு 1"ல இருந்து "ரெக்கார்டு 11" வரைக்கும். மாமா கேசட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தினது. ஏழாவதைத் திறந்தா மிருதங்கம், தாளம், ஹார்மோனியம், ஒருத்தர் கட்டைக் குரல்ல பாடுறார். கூத்து. மாமா பத்து நொடி கேட்டார். எந்தக் கோயில், எந்தக் குழு, துரியோதனன் வேஷம் கட்டினது யார், அன்னைக்கு மழை வந்து பாதியில நின்னது வரைக்கும் சொன்னார். அந்தக் குழுவுல பல பேர் இப்ப இல்ல. எந்த ஆப்லயும் அந்தப் பதிவு கிடைக்காது. அதைப் பத்தின அத்தனை விவரமும் ஒரே ஒரு இடத்துல இருக்கு. மாமாவோட ஞாபகத்துல. அதுக்கு பேக்கப் கிடையாது.

5 கோடிப் பாட்டு காணாமப் போன கதை

"இதெல்லாம் வீட்டுல நடக்கிற விஷயம், பெரிய கம்பெனிங்க கையில கொடுத்தா பத்திரம்"னு நெனச்சா, 2019 மார்ச்சைப் பாருங்க. மைஸ்பேஸ், ஒரு காலத்துல உலகத்தோட மிகப் பெரிய சோஷியல் நெட்வொர்க். 2003-ல இருந்து 2015 வரைக்கும் அதுல பதிவேத்தின பாட்டெல்லாம் ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு மாத்தும்போது போயிடுச்சுன்னு அறிவிச்சாங்க. சுமாரா 1.4 கோடிக் கலைஞர்களோட 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுன்னு செய்திகள்ல வந்துச்சு. பிறகு சில ஆராய்ச்சியாளர்கள் முன்னாடியே இறக்கி வெச்சிருந்த 4,90,000 பாட்டை இன்டர்நெட் ஆர்க்கைவ் வெளியிட்டுச்சு. ஒரு சதவீதம்கூட இல்ல. அதுவும் யாரோ தன் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வெச்சிருந்ததால.

நம்ம ஊருக்கு 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. டேட்டா விலை சரிஞ்சதும் மெமரி கார்டு கடைங்க ஒவ்வொண்ணா டெம்பர் கிளாஸ் ஒட்டுற கடையா மாறிடுச்சு. பாட்டை மாத்துற வேலையே இனி இல்லைன்னு நெனச்சோம். ஆனா 2022-ல் கானா இலவச சேவையை நிறுத்திட்டு சந்தாவுக்கு மாறுச்சு. 2024 ஜனவரி கடைசியில ரெஸ்ஸோ இந்தியாவுல மூடுச்சு. அதே வருஷம் விங்க் மியூசிக்கும் மூடப்படுதுன்னு அறிவிப்பு வந்துச்சு. பாட்டு வேற ஆப்லயும் இருக்கும், சரி. நீங்க வருஷக்கணக்கா சேர்த்த பிளேலிஸ்ட், லைக் போட்டது, எத்தனை தடவை கேட்டீங்கங்கிற கணக்கு, இதெல்லாம் தானா உங்ககூட வராது. அடுத்த ஆப்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெங்களூர்ல உக்காந்திருக்கிற எனக்கும் அரூர்ல இருக்கிற மாமாவுக்கும் இதுல வித்தியாசமே இல்ல. பாட்டு வரும், பொட்டி வராது.

மாத்தும்போது எதை எடுத்துக்கணும்

சரி, இந்த வரலாற்றுல இருந்து நாளைக்கு வேலைக்கு ஆகுற மாதிரி நாலு விஷயம்.

ஒண்ணு: பாட்டுக் கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்காதீங்க. மேல இருக்கிற முழு ஃபோல்டரையும் அமைப்பு மாறாம எடுங்க. பிளேலிஸ்ட் கோப்பு, ஆல்பம் படம், பிளேயரோட லைப்ரரிக் கோப்பு எல்லாம் சேர்த்து. ஐடியூன்ஸ் மாதிரி பிளேயர்கள்ல எத்தனை தடவை கேட்டீங்கங்கிற கணக்கும், பாட்டு எப்ப சேர்ந்ததுங்கிற தேதியும் பாட்டுக் கோப்புல இருக்காது, லைப்ரரிக் கோப்புலதான் இருக்கும்.

ரெண்டு: மாத்தின உடனே பழைய டிஸ்க்கை அழிக்காதீங்க, வித்துடாதீங்க. எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாருங்க, அங்கங்க பத்து பாட்டைப் போட்டுக் கேளுங்க. ஒரு மாசம் பயன்படுத்தினாத்தான் எது வரலைன்னே தெரியும்.

மூணு: காசு கொடுத்தாக் கிடைக்கிற பாட்டைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. உங்க வீட்டுல மட்டும் இருக்கிற பதிவுக்கு மூணு பிரதி வெச்சுக்கோங்க. ரெண்டு வேற வேற சாதனத்துல, அதுல ஒண்ணு வேற வீட்டுல. கேசட்டா இருந்தா இந்த வருஷமே ஏத்திடுங்க. டேப்புல பூசின காந்தப் பூச்சு காத்திருக்காது, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

நாலு, இதுதான் முக்கியம்: ஏத்தும்போது பக்கத்துல வீட்டுப் பெரியவங்க ஒருத்தரை உக்கார வெச்சுக்கோங்க. ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. யாரோட குரல், எந்த ஊர், என்ன விசேஷம், எந்த வருஷம், இந்த நாலு கேள்வி போதும். அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி, அந்தப் பாட்டோட அதே ஃபோல்டர்ல வெச்சிடுங்க. டேக்ல தமிழ்லயே எழுதுங்க, இப்ப இடம் தாராளமா இருக்கு.

ஐடி3-யும் டேட்டாபேஸும் நாளைக்கு மாறலாம். 1902-ல் பாட்டு முடிஞ்சதும் சொன்ன அந்தப் பேர், எத்தனையோ மெஷின் மாறியும், இன்னைக்கும் யூடியூப்ல அப்படியே கேக்குது. குரலோட சேர்த்து வெச்ச விவரம் அவ்வளவு சீக்கிரம் தொலையாது.

உங்க வீட்டுப் பரண்ல அப்படி ஒரு கேசட் இருந்தா, இந்த வாரக் கடைசியில இறக்குங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.